மார்கழியை வரைபடத்துக்குக் கொடுங்கள்

குருபரப்பள்ளியிலும் சுற்றுப்பட்டு ஊர்களிலும் பழைய வீட்டை இடித்து அதே மனையில் புதிதாகக் கட்ட நாள் பார்த்துக்கொண்டிருக்கும் குடும்பத்தாருக்கு,

உங்கள் பக்கத்து வீடுகளுக்கு வரைபடம் போட்டுப் பிழைக்கிறவன் நான். உங்கள்மேல் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. நேரில் சொன்னால், நல்ல காரியத்துக்கு வந்த இடத்தில் அபசகுனமாகப் பேசுகிறான் என்பீர்கள். அதனால் எழுதுகிறேன். உங்களில் பாதிப் பேர் என்னிடம் வருவது வீட்டை இடித்த பிறகு.

காலையில் ஜேசிபி வருகிறது. மத்தியானச் சாப்பாட்டுக்குள் தாத்தா காலத்து வீடு தரைமட்டம். குடும்பம் பக்கத்தில் ஒரு ஷீட் வீட்டுக்கு வாடகைக்குப் போகிறது. பீரோவும் கட்டிலும் தார்ப்பாய்க்கு அடியில் கிடக்கின்றன. நகைக்கடன் வட்டி ஓடத் தொடங்கிவிட்டது. அந்த அவசரத்தில் போனை நீட்டி, "சார், இதே மாதிரி போட்டுக் குடுங்க, வெள்ளிக்கிழமை பூமி பூஜை" என்கிறீர்கள். போனில் இருப்பது பெங்களூரில் யாரோ கட்டிய வீடு. சமதளத்து லேஅவுட் மனை, முன்னால் முப்பதடி ரோடு, உள்ளே கணவன், மனைவி, ஒரு குழந்தை, ஒரு கார். உங்கள் மனையோ ஒரு பக்கம் பங்காளி வீட்டுச் சுவர் ஒட்டிய நத்தம். பின்பக்கம் பாறை. வீட்டில் ஆறு பேர், மூன்று வண்டி, ஒரு கறவை மாடு. அந்தப் படத்தை உங்கள் மனைக்குள் திணிக்கலாம். திணித்த பிறகு அதற்குள் குடியிருக்கப் போவது நீங்கள்.

உங்கள் ஆசையை நான் குறை சொல்லவில்லை. 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை ஊரை ஒட்டிப் போகிறது. சிப்காட் தொழிற்பூங்கா வந்துவிட்டது. பிள்ளைகள் ஷிப்ட் வேலைக்குப் போகிறார்கள், மாதம் பிறந்தால் சம்பளம் வருகிறது, வங்கி கூப்பிட்டுக் கடன் தருகிறது. மழைக்கு மழை ஓடு மாற்றி அலுத்துப்போனவர்கள் கான்கிரீட் வீடு கேட்பது நியாயம். என் சண்டையெல்லாம் வரிசையைப் பற்றித்தான். முதலில் இடிப்பு, பிறகு நாள், பிறகு மேஸ்திரி, கடைசியில் வரைபடம் என்று போகிறீர்கள். இதைத் தலைகீழாகத் திருப்புங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

முன்பெல்லாம் இந்த அவசரத்துக்கு அரசாங்கமே ஒரு தடை போட்டது. அனுமதிக்காக அலைந்த மாதங்களில் குடும்பத்துக்கு யோசிக்க நேரம் கிடைத்தது. 2024 ஜூலையில் தமிழக அரசு சுயசான்றிதழ் திட்டத்தைக் கொண்டுவந்தது. 2,500 சதுர அடி வரையுள்ள மனையில், 3,500 சதுர அடி வரை, தரைத்தளமோ அதன்மேல் ஒரு தளமோ கட்டும் குடியிருப்புக்கு ஒற்றைச் சாளர இணையதளத்தில் விண்ணப்பித்தால் உடனடியாக அனுமதி. உங்களைப் போன்றவர்களுக்கு இது பெரிய வரம், சந்தேகமில்லை. ஆனால் சான்று கொடுப்பது நீங்கள். தவறாக இருந்தால் பொறுப்பும் உங்களுடையது. உங்கள் அம்மாவின் கட்டில் அந்த அறையில் திரும்புமா என்று எந்த இணையதளமும் கேட்கப்போவதில்லை.

அதைக் கேட்க ஆள் இருக்கிறது. அது நீங்கள் இடிக்கப்போகும் வீடுதான். பழைய வீடு நிற்கும்வரை அந்த மனையைப் பற்றிய எல்லாத் தகவலும் உங்கள் கண்முன்னால் இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் தெருத் தண்ணீர் எந்த வாசலுக்கு வருகிறது? எந்தச் சுவரில் ஓதம் ஏறுகிறது? சித்திரை வெயிலில் சாயங்காலம் ஐந்து மணிக்கு எந்தச் சுவரைத் தொட்டால் கை சுடுகிறது? ராத்திரி எந்தப் பக்கம் காற்று வருகிறது, எந்தப் பக்கம் நெடுஞ்சாலை லாரி இரைச்சல் வருகிறது? இதையெல்லாம் வெறும் மனையைப் பார்த்து எந்த இன்ஜினியராலும் சொல்ல முடியாது. நாற்பது வருடம் அங்கே குடியிருந்த உங்களால் முடியும்.

தண்ணீரிலிருந்தே தொடங்குகிறேன். உங்கள் பழைய வீடு பள்ளத்தில் இருப்பதற்குக் காரணம் வீடு இறங்கியது அல்ல, தெரு ஏறியது. ஒவ்வொரு முறை சாலை போடும்போதும் பழையதைச் சுரண்டாமல் மேலேயே போட்டார்கள். சுரண்டிவிட்டுத்தான் போடவேண்டும் என்று 2021-இல் தலைமைச் செயலாளரே உத்தரவிட வேண்டியிருந்தது. அதனால் தரைமட்டத்தை உயர்த்துங்கள், நல்லது. 2024 டிசம்பர் தொடக்கத்தில், பெஞ்சல் புயலின்போது, நம் மாவட்டத்து ஊத்தங்கரையில் ஒரே நாளில் ஐம்பது சென்டிமீட்டர் மழை கொட்டியது. வறண்ட மாவட்டம் என்று இனி யாரும் மெத்தனமாக இருக்க முடியாது. ஆனால் எவ்வளவு உயர்த்துவது என்பதை மேஸ்திரியிடம் விட்டுவிடாதீர்கள். மூன்றடி தூக்கினால் கம்பீரமாக இருக்கும் என்பார். மூட்டுவலிக்காரர் உங்கள் வீட்டில் இருக்கிறாரே, அவரைக் கேட்டீர்களா? சக்கர நாற்காலி ஏறும் சாய்தளத்துக்கு ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும். இரண்டடிக்கு இருபத்துநான்கு அடி. முப்பதடி முகப்பில் அதை எங்கே வைப்பீர்கள்? பக்கவாட்டுச் சந்தில் திருப்பி வைக்கலாம், வரைபடத்தில் இருந்தால். கட்டி முடித்த பிறகு கேட்டால் வைக்க இடம் இருக்காது.

அடுத்தது பாறை. நம் பக்கத்து மண்ணுக்கு அடியில் கருங்கல் எங்கே தலைகாட்டும் என்று சொல்ல முடியாது. ஒரு மூலையில் இரண்டடியில் பாறை, எதிர்மூலையில் ஆறடி தோண்டியும் மண். பாதி வீடு பாறைமேலும் பாதி வீடு நிரப்பிய மண்மேலும் உட்கார்ந்தால் மண் பக்கம் இறங்கும், பாறைப் பக்கம் இறங்காது. சுவரில் சாய்வாக ஒரு விரிசல் ஓடும். எத்தனை முறை பட்டி பார்த்துப் பெயின்ட் அடித்தாலும் அது திரும்ப வரும். மனையின் மூலைகளில் ஆளுயரக் குழி வெட்டிப் பார்ப்பதற்கு இரண்டு ஆள் ஒரு நாள் கூலி போதும். பழைய வீடு நிற்கும்போதே கொல்லையிலும் வாசலிலும் வெட்டிப் பார்க்கலாம். பாறை உடைக்கும் இயந்திரம் மணிக்கணக்கில் வாடகை வாங்கிக்கொண்டு நிற்கும்போது அதைத் தெரிந்துகொள்வதைவிட இது மலிவு. மண்போட்டு மூடிய பழைய கிணறோ குழியோ இருந்தால் அதையும் இப்போதே சொல்லிவிடுங்கள். அது ஊரில் பெரியவர்களுக்கு மட்டும்தான் தெரியும்.

பாறை இருக்கும் மனையில் செப்டிக் டேங்க் கழிவுநீரை உறிஞ்ச மண் கிடையாது. குடிநீர்க் கிணற்றுக்கும் உறிஞ்சுகுழிக்கும் நடுவே 18 மீட்டர் இடைவெளி வேண்டும் என்கிறது இந்தியத் தரநியமம். முப்பதுக்கு நாற்பது மனையின் நீளமே 12 மீட்டர்தான். உங்கள் மனைக்குள் மட்டும் கணக்குப் பார்த்தால் இது தீராது. பக்கத்து வீட்டு போர்வெல் எங்கே, அவர்கள் குழி எங்கே என்று கேட்டு, இரண்டு வீட்டுக்காரரும் சேர்ந்து முடிவெடுக்க வேண்டிய விஷயம் இது. வாஸ்துப்படி ஈசானியில் தண்ணீர் வேண்டும் என்று பார்க்கிறீர்கள், சரி. பக்கத்து மனைக்காரர் வடகிழக்கை ஒட்டி என்ன தோண்டியிருக்கிறார் என்றும் எட்டிப் பாருங்கள்.

மழைநீர் சேகரிப்பு 2003 முதல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடத்துக்கும் கட்டாயம். பெயருக்கு ஒரு குழாயை மண்ணில் செருகிவிட்டுப் போகாதீர்கள். ஆயிரம் சதுர அடி மாடியில் ஓர் அங்குல மழை பெய்தால் ஏறக்குறைய 2,350 லிட்டர் தண்ணீர். பாறை மனையில் அது உள்ளே இறங்காது, வழிந்து பக்கத்து வீட்டுக்குத்தான் போகும். அப்படிப்பட்ட இடத்தில் வடிகட்டி சம்ப்பில் பிடித்து வையுங்கள். சம்ப்புக்கு இடம் எங்கே என்பதும் அஸ்திவாரம் தோண்டும் முன்பே முடிவாக வேண்டிய கேள்வி.

இனி மனிதர்கள். ஒரு வீட்டில் வரைபடத்தை விரித்துவைத்து மகனும் மருமகளும் ஹால் அளவைப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஓரமாகத் திண்ணையில் உட்கார்ந்து புளி தட்டிக்கொண்டிருந்த அம்மா, சுத்தியலை நிறுத்தாமலே, "இதை நான் எங்க உக்காந்து தட்டுறது?" என்றார். யாரிடமும் பதில் இல்லை. வரைபடத்தில் திண்ணையே இல்லை. மாசியில் புளி வரும், அடுத்து பெங்களூரா மாங்காய் வரும், தை அறுப்பில் ராகி மூட்டை வரும், எல்லாம் இந்த வாசல் வழியாகத்தான் வரும் என்பது அந்த அம்மாவுக்கு மட்டும் நினைவிருந்தது. வடக்குப் பக்கம் நாலடி அகலத்தில் கூரைபோட்ட நீளத் திண்ணை ஒன்றைச் சேர்த்தோம். ஹால் இரண்டடி குறைந்தது. அந்த வீட்டில் இன்று எல்லோரும் உட்கார்ந்திருப்பது அந்தத் திண்ணையில்தான்.

உங்கள் வீட்டிலும் இப்படிக் கேட்க வேண்டிய கேள்வி ஒவ்வொருவரிடமும் இருக்கிறது. ராத்திரி ஷிப்ட் முடித்துக் காலையில் வரும் பிள்ளை பகலில் எங்கே தூங்குவான்? தெருவைப் பார்த்த அறையில், டிவிக்கும் குக்கர் விசிலுக்கும் நடுவிலா? அவனுக்கு வேண்டியது பின்பக்கம், மேற்கு வெயில் படாத ஒரு சின்ன அறை. மேற்குச் சுவரில் படியையும் குளியலறையையும் சாமான் அறையையும் வையுங்கள், சூட்டை அவை வாங்கிக்கொள்ளும். விடியற்காலை கம்பெனி பஸ்ஸுக்கு ஓடும் மகளும் பள்ளிக்குப் போகும் பேரனும் ஒரே நேரத்தில் கேட்பது குளியலறையை. ஹாலை ஓரடி பெரிதாக்குவதைவிட இரண்டாவது குளியலறை அதிக சண்டையைத் தீர்க்கும். அந்தக் குளியலறைக் கதவை மூன்றடி வையுங்கள். இரண்டரை அடிக் கதவில் சக்கர நாற்காலி சிரமமில்லாமல் நுழையாது. நம் ஊரில் கிரானைட் மலிவாகக் கிடைக்கிறது என்று ஈரம் படும் இடத்தில் பாலீஷ் கல் போட்டு வயசானவர்களை விழவைக்காதீர்கள். சொரசொரப்பான கல்லும் அதே ஊரில்தான் அறுக்கிறார்கள்.

பட்டுப்புழு வளர்க்கிறீர்களா? அதற்குத் தனி வளர்ப்பு மனை வேண்டும், கொசுமருந்து அடிக்கும் அறைக்குப் பக்கத்தில் ஆகாது. மாடு இருக்கிறதா? தொழுவம் கழுவிய தண்ணீர் போக வாட்டம் எந்தப் பக்கம்? இவையெல்லாம் நகரத்து வீட்டுப் படத்தில் இருக்காது. உங்கள் சோற்றுக்கு வழி செய்வது இவைதான்.

ஒரு கணக்கைச் சேர்ந்தே போடுவோம். முப்பதுக்கு நாற்பது மனை, 1,200 சதுர அடி. முன்னால் ஐந்தடியும் மற்ற மூன்று பக்கம் மூன்றடியும் விட்டால் கட்ட மிஞ்சுவது 24-க்கு 32, அதாவது 768 சதுர அடி. ஒன்பது அங்குல வெளிச்சுவரே எண்பது சதுர அடிக்கு மேல் தின்றுவிடும். உள்ளே படி வைத்தால் இன்னொரு எண்பது போகும். கார் நிற்க வேண்டுமென்றால் பத்துக்குப் பதினெட்டு, நூற்றெண்பது. மீதியில் மூன்று பெட்ரூம், ஹால், பூஜையறை, சமையலறை, இரண்டு குளியலறை என்று கேட்கிறீர்கள். இடம் போதாதபோது முதலில் வெட்டுப்படுவது எது தெரியுமா? சமையலறை ஜன்னல். அடுத்து பக்கத்துச் சந்து. காற்றும் வெளிச்சமும் போய், பக்கத்து வீட்டுக்காரரோடு வாய்க்கால் தகராறும் வருகிறது. எதை விடுவது என்பதைக் குடும்பமாக உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். இல்லையென்றால் கொத்தனார் அந்த இடத்தில் நின்று முடிவு செய்வார்.

மாடியில் போர்ஷன் போட்டு, வெளியூரிலிருந்து வேலைக்கு வந்த பிள்ளைகளுக்கு வாடகைக்கு விடும் எண்ணம் பலருக்கு உண்டு. நல்ல யோசனை. ஆனால் அது அஸ்திவாரம் போடும் நாளில் தெரிய வேண்டிய செய்தி. படி வெளியே வேண்டும், தனி மீட்டர் வேண்டும், மேலே குளியலறை கீழே குளியலறைக்கு நேர்மேலே வர வேண்டும். அப்போதுதான் உங்கள் கட்டிலுக்கு மேலே குழாய் ஒழுகாது. "அப்புறம் பாத்துக்கலாம்" என்று விட்டவர்கள் சமையலறை வழியாக வாடகைக்காரர் ஏறி இறங்கும் வீட்டில் இருக்கிறார்கள்.

கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் குடிசையை மாற்றிக் கட்டுகிறவர்களே, உங்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. 360 சதுர அடி, அதில் 300 கான்கிரீட் கூரை. இடம் சின்னது, அதனால் யோசிப்பதும் சின்னதாக இருக்கலாம் என்று நினைக்காதீர்கள். இங்கேதான் ஒவ்வோர் அடிக்கும் மதிப்பு அதிகம். மனையின் நட்டநடுவில் கட்டி நாலு பக்கமும் உபயோகமில்லாத சந்துகளை விடாதீர்கள். ஒரு பக்கமாக ஒதுக்கிக் கட்டினால், நாளைக்குப் பிள்ளை தலையெடுத்து இன்னோர் அறை சேர்க்க இடம் சேர்ந்தாற்போல் மிஞ்சும். எந்தச் சுவரை உடைத்துப் போக வேண்டும் என்று தெரிந்தால் அங்கே இப்போதே ஒரு லிண்டல் ஓட்டிவிடலாம்.

இடிக்கும் முன் பத்திரத்தையும் எடுத்துப் பாருங்கள். பட்டா அப்பா பேரிலோ தாத்தா பேரிலோ இருந்தால் அண்ணன் தம்பி மட்டும் பங்காளிகள் அல்ல. தமிழ்நாடு 1989-லேயே பரம்பரைச் சொத்தில் பெண்களுக்குச் சம உரிமை கொடுத்துவிட்டது, 2005-இல் நாடு முழுக்க அது சட்டமானது. கட்டிக்கொடுத்த அக்காவையும் தங்கச்சியையும் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசி, பாகப்பிரிவினையோ விடுதலைப் பத்திரமோ எழுதிப் பதிவு செய்துவிட்டு அப்புறம் கடப்பாரையைத் தொடுங்கள். பாதிச் சுவரில் வேலை நின்று, வழக்கு நடந்து, கம்பி துருப்பிடித்த வீடுகள் ஒவ்வோர் ஊரிலும் இருக்கின்றன. சர்வேயரை வைத்து அளந்து கல் நடுவதையும் அதோடு முடியுங்கள். பங்காளி வீட்டோடு பொதுச்சுவர் இருந்தால், அது யாருடையது, இடிக்கையில் எப்படி முட்டுக் கொடுப்பது என்று எழுத்தில் வாங்குங்கள்.

இடிப்பதும் ஒரு வேலைதான், குப்பை அள்ளுவது அல்ல. கொழும்பில் ஜெஃப்ரி பாவா 1960-களின் தொடக்கத்தில் ஈனா டி சில்வாவுக்காக ஒரு வீடு கட்டினார். நெருக்கமான நகரத்து மனையில், நடுவில் முற்றம் வைத்து, அந்தக் குடும்பம் வாழும் முறைக்கேற்ப எழுப்பிய வீடு. பின்னாளில் அந்த மனை கைமாறி வீடு போக வேண்டிய நிலை வந்தபோது, அதைத் துண்டு துண்டாகக் கழற்றி, அடையாளம் இட்டு, பென்தோட்டைக்கு அருகே லுனுகங்காவில் திரும்ப எழுப்பினார்கள். நம்மால் அந்த அளவுக்கு முடியாது. ஆனால் உங்கள் வீட்டுக் கல்தூண், நிலைக்கதவு, உத்திரம், நாட்டு ஓடு, தளக்கல் ஆகியவற்றை ஆளைவிட்டுக் கழற்றினால் புது வீட்டில் திண்ணைக்கும் சமையலறை மேடைக்கும் ஆகும். கேரளத்தில் லாரி பேக்கர் இடித்த வீட்டுக் கதவுகளையும் ஓடுகளையும் வைத்தே அழகான வீடுகள் கட்டினார். ஜேசிபியின் பல் பட்டால் அவை வெறும் இடிபாடு. ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் இருந்தால் உடைக்காமல், தண்ணீர் தெளித்து, முழுசாக இறக்குங்கள், அந்தத் தூசி நுரையீரலுக்கு நஞ்சு. மீதி இடிபாட்டை ஏரிக்கரையிலும் சர்வீஸ் ரோட்டோரத்திலும் கொட்டிவிட்டு வராதீர்கள். இடிபாட்டைப் பிரித்து உரிய இடத்தில் சேர்ப்பது கட்டுகிறவர் பொறுப்பு என்று 2016 முதலே விதி இருக்கிறது. நல்ல செங்கல் தூள் உங்கள் பேஸ்மட்டத்துக்கே நிரப்ப உதவும். கரையான் ஏறிய மண்சுவர் மண்ணைத் தோட்டத்துக்கு அனுப்புங்கள், வீட்டுக்கு அடியில் போடாதீர்கள்.

இவ்வளவும் எதற்குச் சொல்கிறேன் என்றால், ஒரே ஒரு வேண்டுகோளுக்காக. வருடத்துக்கு எட்டு வாஸ்து நாட்கள், அதில் ஒன்றுகூட மார்கழியில் கிடையாது. அந்த மாதம் நீங்கள் யாரும் வேலை தொடங்கமாட்டீர்கள். அந்த மாதத்தை வரைபடத்துக்குக் கொடுங்கள்.

ஐப்பசி, கார்த்திகையில் மழை பெய்யும்போது குடையைப் பிடித்துக்கொண்டு வீட்டைச் சுற்றிவந்து தண்ணீர் போகும் வழியை ஒரு தாளில் வரைந்துகொள்ளுங்கள். மார்கழியில் குழி வெட்டிப் பாருங்கள், சர்வேயரைக் கூப்பிடுங்கள், வீட்டில் உள்ள ஒவ்வொருவரும் காலையில் எழுந்ததிலிருந்து படுக்கும்வரை எங்கே நிற்கிறார், எங்கே உட்காருகிறார் என்று எழுதுங்கள். அதை எடுத்துக்கொண்டு என்னிடமோ உங்களுக்குத் தெரிந்த வேறோர் இன்ஜினியரிடமோ போங்கள். வரைபடம் கையில் வந்ததும், அறுப்பு முடிந்த ஒரு வயலிலோ கோயில் மைதானத்திலோ சுண்ணாம்பால் அதை நிஜ அளவில் கோடு போடச் சொல்லுங்கள். அதற்குள் எல்லோரும் நடந்து பாருங்கள். ஒரு மருமகள் அப்படிக் கோடு போட்ட சமையலறையில் நின்று, இல்லாத பிரிட்ஜின் கதவைத் திறந்தார். திறந்த கதவு அடுப்பின்மேல் இடித்தது. சுண்ணாம்புக் கோட்டை அழித்து ஓரடி தள்ளிப் போட அரை நிமிடம்கூட ஆகவில்லை. அதே தவறு செங்கல்லில் இருந்திருந்தால் அவர் இருபது வருடம் அந்தக் கதவோடு மல்லுக்கட்டியிருப்பார்.

வீட்டில் மூத்தவரும், சமைப்பவரும், பகலில் தூங்குபவரும் சரி என்று சொன்ன பிறகு தையில் ஜேசிபியைக் கூப்பிடுங்கள். மழை ஓய்ந்திருக்கும், அஸ்திவாரக் குழியில் தண்ணீர் நிற்காது, கோடை மழைக்குள் சுவர் எழும்பிவிடும். அவர்களில் ஒருவர் வேண்டாம் என்றாலும் இடிப்பைத் தள்ளிப்போடுங்கள், அடுத்த வாஸ்து நாள் மாசியிலேயே இருக்கிறது.

இப்படிக்கு,
உங்கள் பக்கத்து ஊர் வரைபடக்காரன்